மாத்திரை அட்டையத் திருப்பிப் பாருங்க: வலி மாத்திரை கேள்வி பதில்

போன இதழோட கடைசிப் பக்கத்துல "வலி மாத்திரை பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டோம், இவ்ளோ கேள்வி வரும்னு நெனைக்கல. பாதிப் பேரு "டாக்டர்"னு ஆரம்பிச்சிருக்கீங்க. நான் டாக்டர் இல்லைங்க, பார்மசிஸ்ட். ரொம்ப வருஷமா கவுன்டருக்குப் பின்னாடி நின்னு "தலைவலிக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேக்குறவங்களப் பாத்துட்டு இருக்கற ஆளு. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், மத்ததுக்கு "போய்க் காட்டுங்க"ன்னுதான் வரும், கோச்சுக்காதீங்க.

கேள்வி: ரெண்டு நாளா ஜுரம், உடம்பு வலி. ஜுரத்துக்கு 650 மாத்திரை ஒரு நாளைக்கு நாலு போட்டேன். மூக்கடைப்புக்கு சளி மாத்திரை தனியா மூணு. ராத்திரி தொண்டை எரியுதுன்னு வெந்நீர்ல கலக்கிக் குடிக்கிற பவுடர் ஒரு பாக்கெட். வீட்டுக்காரர் நேத்து எல்லா அட்டையையும் திருப்பிப் பாத்துட்டு "என்னடி இது, மூணுலயும் ஒரே பேரு இருக்கு"ங்கறாரு. எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். பயப்படணுமா?

பதில்: இந்தத் தங்கச்சிக்கு இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு அன்னைக்கே பதில் போட்டுட்டேன், "இன்னைக்கே போங்க, அட்டை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க"ன்னு. போனாங்க, ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, நல்லவேளை கல்லீரல் நல்லா இருக்கு. அதனாலதான் இப்ப நிதானமா உக்காந்து கணக்குப் போட முடியுது.

அவங்க அனுப்புன ஃபோட்டோவப் பாத்துப் போட்ட கணக்கு இது. 650 நாலு, 2600. சளி மாத்திரைல ஒண்ணுல 500, மூணு போட்டா 1500. அதுவே 4100 ஆச்சு. பவுடர் பாக்கெட்ல 1000. மொத்தம் 5100 மில்லிகிராம் பாராசிட்டமால், அதுவும் ரெண்டு நாளும். நல்ல ஆரோக்கியமான பெரியவங்களுக்கே 24 மணி நேரத்துல 4000தான் உச்சம், உடம்பு மெலிஞ்சவங்க, கல்லீரல்ல பிரச்சினை இருக்கறவங்க, தெனமும் குடிக்கிறவங்க இவங்களுக்கெல்லாம் அதவிடக் கம்மி. இவங்க எந்த மாத்திரையையும் அளவுக்கு மேல போடலங்கறதுதான் இதுல கொடுமை, ஒவ்வொண்ணையும் தனித்தனியா அட்டைல போட்டிருக்கற மாதிரியேதான் போட்டிருக்காங்க. மாத்திரைய எண்ணிருக்காங்க, மருந்த எண்ணல.

"நல்லாத்தான் இருக்கேன்"ங்கறதையும் நம்பக் கூடாது. பாராசிட்டமால் உடம்புல கரையும்போது ஒரு சின்னப் பங்கு விஷமா மாறும், அதக் கல்லீரல்ல இருக்கற குளூட்டாதயோன்ங்கற பொருள் அப்பப்ப தொடச்சுப் போட்டுடும். அளவு மீறினா தொடைக்கறதுக்கு ஆள் பத்தாது, விஷம் கல்லீரல் செல்லையே அரிக்க ஆரம்பிக்கும். இதுல மோசம் என்னன்னா மொத நாள் சும்மா கொஞ்சம் குமட்டும், இல்ல ஒண்ணுமே தெரியாது, மூணாவது நாலாவது நாள்தான் சுயரூபம் தெரியும். மாத்து மருந்து இருக்கு, அசிட்டைல்சிஸ்டீன்னு பேரு, ஒரே தடவையா நெறைய உள்ள போயிட்ட கேஸ்ல மொத 8 மணி நேரத்துக்குள்ள குடுத்தா ரொம்ப நல்லா கேக்கும். அதனால வாந்தி வரட்டும், மஞ்சக்காமாலை தெரியட்டும் பாப்போம்னு வீட்ல உக்காரவே கூடாது.

இன்னொண்ணு, வெளிநாட்டுல இருந்து யாராவது மாத்திரை டப்பா கொண்டுவந்து குடுத்திருந்தா அதுல அசிட்டமினோஃபென்னு இருக்கும். வேற மருந்துன்னு நெனச்சு ரெண்டையும் சேத்துப் போடாதீங்க. அதே பாராசிட்டமால்தான், அமெரிக்காவுல அதுக்கு அந்தப் பேரு.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயசு, முட்டி வலி. ரெண்டு மாசமா இபுப்ரோஃபென் 400 மூணு வேளையும் போடறாரு, சும்மா கடைல கேட்டாலே குடுக்கறாங்க. பி.பி.க்கு டெல்மிசார்டன், கூடவே ஒரு நீர் மாத்திரை. ஹார்ட்டுக்கு சின்ன ஆஸ்பிரின் வேற. ஒரு வாரமா கால் வீங்குது, "ஒண்ணுக்கு சரியா போகல"ங்கறாரு. பி.பி. மாத்திரையாலன்னு அவரா முடிவு பண்ணி அத நிறுத்தப் போறேங்கறாரு. நிறுத்தலாமா சார்?

பதில்: நிறுத்த வேண்டியது இபுப்ரோஃபென், பி.பி. மாத்திரை இல்ல. தம்பி, மொதல்ல அப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, நாளைக்கு நாளன்னைக்குன்னு தள்ளாதீங்க. அங்க போயி "பி.பி. மாத்திரை சாப்புடறாரு"ன்னு மட்டும் சொல்லாம முட்டி வலி மாத்திரையையும் சொல்லுங்க. சீட்டு இல்லாம வாங்குனத யாரும் மருந்தாவே நெனைக்கறதில்ல, அதான் டாக்டர்கிட்டயும் சொல்றதில்ல.

ஏன் இப்படி ஆகுதுன்னு சொல்றேன், தெரிஞ்சா அப்பாவுக்கும் நீங்க எடுத்துச் சொல்லலாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாமே ஒரே குடும்பம். இதுங்க உடம்புல புரோஸ்டாகிளாண்டின்ங்கற பொருள் உருவாகறதத் தடுக்குது, 1971-ல ஜான் வேன்ங்கற விஞ்ஞானி இதக் கண்டுபிடிச்சு அப்புறம் 1982-ல நோபல் பரிசுல பங்கும் வாங்கினாரு. வலி, வீக்கம் வர்றதுக்குக் காரணம் அந்தப் பொருள்தான். ஆனா வயித்தோட உள்தோலப் பாதுகாக்கறதும் அதே பொருள், கிட்னிக்கு ரத்தம் போறத ஒழுங்கா வச்சிருக்கறதும் அதே பொருள். முட்டிய மட்டும் பாத்துட்டு வேல செய்யுன்னு மாத்திரைக்குச் சொல்ல முடியாதுல்ல.

கிட்னிய ஒரு ஃபில்டர்னு வச்சுக்கோங்க, உள்ள வர்ற குழாய் ஒண்ணு, வெளிய போற குழாய் ஒண்ணு. இபுப்ரோஃபென் உள்ள வர்ற குழாயச் சுருக்கும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி "சார்டன்", "ப்ரில்"னு முடியற மாத்திரைங்க வெளிய போற குழாய லூஸ் பண்ணும், தனியா இருந்தா அது கிட்னிக்கு நல்லதுதான். நீர் மாத்திரை ஓடற தண்ணியவே கொறைக்கும். மூணும் சேந்தா ஃபில்டர்ல பிரஷரே இருக்காது, அது எங்க இருந்து வடிகட்டும்? கூட வாந்தி, பேதி ஏதாவது வந்து உடம்புல தண்ணி வத்திப்போச்சுன்னா இன்னும் வேகமா கிட்னி படுத்துடும்.

ஆஸ்பிரின் விஷயமும் இருக்கு. சின்ன ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுல ஒரு எடத்துல போய் ஒட்டிக்கிட்டு ரத்தம் கட்டாம பாத்துக்கும். அதே எடத்துல இபுப்ரோஃபென் முந்திப் போய் உக்காந்துட்டா ஆஸ்பிரின் நிக்க எடம் இல்லாம போயிடும், ஹார்ட்டுக்குன்னு போடற மாத்திரை வீண். போதாததுக்கு ரெண்டும் சேந்து வயித்துல ரத்தக் கசிவுக்கும் வழி பண்ணும். மலம் தார் மாதிரி கறுப்பா போனா அது அவசர கேஸ், அப்பாகிட்ட வெக்கப்படாம கேளுங்க.

முட்டி வலிக்கு என்ன பண்றது? வலி ஜெல் தேச்சுப் பாக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. தோல் வழியா ரத்தத்துக்குப் போற மருந்து மாத்திரையோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி, முட்டி, கை மூட்டு மாதிரி தோலுக்குப் பக்கத்துல இருக்கற வலிக்கு ஓரளவு நல்லாவே கேக்கும். ஆனா கிட்னி டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் அதுவும் வேணாம்னு அவர் சொன்னா கேட்டுக்கோங்க. கடைல சும்மா கிடைக்கற இபுப்ரோஃபென்ன நீங்களா போடறதுக்கு ஒரு நாளைக்கு 1200தான் உச்சம், அதுவும் வலிக்குப் பத்து நாளுக்கு மேல தானா தொடரக் கூடாது. அப்பா அந்த உச்சத்துலயே ரெண்டு மாசம் ஓட்டிருக்காரு.

கேள்வி: என் பாப்பாவுக்கு எட்டு மாசம், எட்டு கிலோ. ஜுரம் வந்தப்போ என் ஃபிரண்டு "பாராசிட்டமால் 5 மில்லி குடு, நான் அப்படித்தான் குடுப்பேன்"னா. எங்க வீட்டு பாட்டில்ல சின்ன டிராப்பர்தான் இருக்கு, 5 மில்லி வரணும்னா அஞ்சு தடவ உறிஞ்சணும். சந்தேகம் வந்து நிறுத்திட்டேன். சரிதானே அக்கா?

பதில்: அக்கா இல்லம்மா, அண்ணன். பரவால்ல. அந்த அஞ்சு தடவ உறிஞ்சணுமான்னு ஒரு நிமிஷம் கை நின்னுச்சு பாருங்க, அதுதான் பாப்பாவக் காப்பாத்துச்சு.

உங்க ஃபிரண்டு வச்சிருக்கறது சிரப், அதுல 5 மில்லிலதான் 120 மில்லிகிராம். உங்ககிட்ட இருக்கறது டிராப்ஸ், பெரும்பாலும் ஒரே ஒரு மில்லிலயே 100 மில்லிகிராம் இருக்கும். சின்னக் கொழந்தைக்குக் கொஞ்சமா குடுத்தாப் போதும்னு கெட்டியா பண்ணிருக்காங்க. பாப்பா எடைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்குல ஒரு வேளைக்கு 120. சிரப்னா 5 மில்லி, டிராப்ஸ்னா 1.2 மில்லி. அதே 5 மில்லி டிராப்ஸ் குடுத்திருந்தா 500, அதாவது ஒரு பெரியவங்க மாத்திரை ஒண்ணு மொத்தமா உள்ள போயிருக்கும். சிரப்லயே 250னு டபுள் ஸ்ட்ராங்கும் வருது, அதனால "எத்தன மில்லி"ன்னு யார்கிட்டயும் கேக்காதீங்க, யாருக்கும் சொல்லாதீங்க. எடை எத்தன கிலோ, பாட்டில்ல ஒரு மில்லிக்கு எத்தன மில்லிகிராம், இந்த ரெண்டும் தெரியாம அளவே கெடையாது. உங்க பாட்டில் லேபிள்ல நான் சொன்ன நம்பர்தான் இருக்கான்னு பாத்துட்டு, இல்லன்னா பார்மசிஸ்ட்கிட்ட காட்டிக் கேட்டுட்டு குடுங்க.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவுல கொறஞ்சது நாலு மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேணாம். குடுத்த நேரத்த ஃபோன்ல குறிச்சு வைங்க, நீங்க ஒரு தடவ, அவங்க அப்பா வந்து தெரியாம இன்னொரு தடவன்னு குடுக்கறது நான் அடிக்கடி கேக்கற கத. சமையல்கட்டு ஸ்பூன்ல அளக்காதீங்க, ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோட வந்த டிராப்பர், இல்ல ஊசி போடாத சிரிஞ்ச். ஒரு பாட்டில் டிராப்பர இன்னொரு பாட்டிலுக்குப் போடவும் வேணாம்.

அப்புறம், தெர்மாமீட்டர் நம்பர இறக்கணும்னு குடுக்கறதில்ல இது. கொழந்தை வெளையாடிக்கிட்டு பால் குடிச்சுக்கிட்டு இருந்தா சும்மா விடலாம், அனத்துனா குடுக்கலாம். மூணு மாசத்துக்குக் கீழ இருக்கற கொழந்தைக்கு ஜுரம்னா மருந்து குடுத்துப் பாப்போம்னே கெடையாது, நேரா டாக்டர். ஆஸ்பிரின் கொழந்தைங்களுக்கு வேணவே வேணாம், வைரஸ் ஜுரத்துல குடுத்தா ரே சிண்ட்ரோம்னு மூளையையும் கல்லீரலையும் தாக்கற ஒரு ஆபத்து இருக்கு. அம்மை போட்டிருந்தா இபுப்ரோஃபெனும் வேணாம்.

கேள்வி: பீரியட்ஸ் வலிக்கு பாராசிட்டமால் சுத்தமா கேக்கல. இபுப்ரோஃபென் போட்டா கேக்குது, ஆனா சித்தி "மாசாமாசம் போட்டா பழகிடும், பின்னாடி கொழந்தையே பொறக்காது"ன்னு பயமுறுத்துறாங்க.

பதில்: பழகாதும்மா. இது போதை மருந்து வகை இல்ல. கொழந்தை பொறக்காதுங்கறதும் இல்ல, மாசத்துக்கு ரெண்டு மூணு நாள் போடறதால அப்படியெல்லாம் ஆகாது. பாராசிட்டமால் ஏன் கேக்கலன்னா, கர்ப்பப்பையப் பிழியற வேலைய செய்யறதே மேல சொன்ன புரோஸ்டாகிளாண்டின்தான், அத நேரா அடக்கறது இபுப்ரோஃபென் குடும்பம். வலி தாங்க முடியாம சுருண்டு படுத்ததுக்கப்புறம் போடறதவிட, ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சதும் ஏதாவது சாப்ட்டுட்டு போட்டா கம்மி மாத்திரையிலயே அடங்கும். வயித்துப்புண், கிட்னி பிரச்சினை, மாத்திரை போட்டா இழுப்பு வர்ற ஆஸ்துமா இருந்தா மட்டும் கேக்காம போடாதீங்க. கர்ப்பமா இருக்கலாமோன்னு சந்தேகம்னா இபுப்ரோஃபென் வேணாம், அஞ்சு மாசம் தாண்டிட்டா கண்டிப்பா கூடாது. மாசாமாசம் வலி கூடிக்கிட்டே போகுது, மாத்திரைக்கும் அடங்கலன்னா அத "எல்லாருக்கும் இருக்கறதுதான்"னு சொல்றவங்க பேச்சக் கேக்காம மகப்பேறு டாக்டர்கிட்ட போங்க, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்தோல் மாதிரித் திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது) மாதிரி காரணம் இருக்கலாம்.

கேள்வி: ஐடி வேலை. ஒரு வருஷமா தெனமும் தலைவலி, காலைல எந்திரிக்கும்போதே இருக்கு. ஒரு மாத்திரை போட்டாதான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார முடியுது. கண்ணு டெஸ்ட் பண்ணியாச்சு, ஸ்கேனும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லங்கறாங்க. இன்னும் ஸ்ட்ராங்கா எதாச்சும் சொல்லுங்க ப்ரோ.

பதில்: ப்ரோ, நீங்க கேக்கற ஸ்ட்ராங்குக்கு நேரெதிரா சொல்லப் போறேன். உங்க தலைவலிக்கு அந்த மாத்திரையே காரணமா இருக்க நெறைய வாய்ப்பிருக்கு.

நம்ப முடியாத மாதிரிதான் இருக்கும். தலைவலி வர்ற சுபாவம் இருக்கறவங்க பாராசிட்டமால், இபுப்ரோஃபென் மாதிரி சாதா மாத்திரைய மாசத்துக்கு 15 நாள், இல்ல அதுக்கு மேலன்னு மூணு மாசத்துக்கு மேல போட்டுட்டே இருந்தா மாத்திரைத் தலைவலின்னு ஒண்ணு புதுசா வந்து ஒட்டிக்கும். கஃபீன் கலந்தது, ரெண்டு மூணு மருந்து கலந்ததுன்னா 10 நாளே போதும். மூளை அந்த மாத்திரைக்குப் பழகிடுது, ராத்திரி எறங்கினதும் காலைல "எங்கடா அது"ன்னு தட்டி எழுப்புது. நீங்க "எந்திரிக்கும்போதே இருக்கு"ன்னு எழுதினீங்களே, அந்த வரியப் படிச்சதும்தான் எனக்கு சந்தேகமே வந்துச்சு.

ஒரு நோட்டு போட்டு ரெண்டு வாரம் எழுதுங்க, எந்த நாள் தலைவலி, எந்த மாத்திரை, எத்தன மணி. அத எடுத்துட்டு நியூரோ டாக்டரப் பாருங்க. சாதா மாத்திரைன்னா பெரும்பாலும் ஒரேயடியா நிறுத்தச் சொல்வாங்க, நிறுத்தினதும் தலைவலி இன்னும் மோசமாகும், சிலருக்கு வாந்தி, தூக்கம் போகும், ரெண்டு நாள்ல இருந்து பத்து நாள் வரைக்கும் படுத்தும். அப்புறம் இறங்கும். அந்த நாளுங்களுக்கு லீவு போட்டுக்கோங்க, ரிலீஸ் வாரத்துல ஆரம்பிச்சுட்டு என்னத் திட்டாதீங்க. கோடீன் மாதிரி பழகிடற போதை வகை வலி மருந்து கலந்த மாத்திரையா இருந்தா மட்டும் தானா சட்டுன்னு நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா.

படிக்கிற மத்தவங்களுக்கு: திடீர்னு இடி விழுந்த மாதிரி வந்த தலைவலி, ஜுரத்தோட கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் மரத்துப் போறது, பேச்சு குழர்றது, தலையில அடிபட்டதுக்கு அப்புறம் வர்றது, 50 வயசுக்கு மேல புதுசா வர்றது. இதுக்கெல்லாம் மாத்திரை போட்டு படுத்துத் தூங்கற வேலை வேணாம்.

கேள்வி: ராத்திரி ஃபிரண்ட்ஸோட கொஞ்சம் சரக்கு. காலைல மண்டை பொளக்குது. எது போடலாம்?

பதில்: மொதல்ல தண்ணி குடிங்க, நெஜத் தண்ணி. இபுப்ரோஃபென்ன 1961-ல கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான ஸ்டூவர்ட் ஆடம்ஸ் ஒரு மாநாட்டுல பேசப் போறதுக்கு முன்னாடி மொத நாள் ராத்திரிக் கூத்தால வந்த தலைவலிக்குத் தானே 600 மில்லிகிராம் போட்டுப் பாத்தேன்னு சொல்லிருக்காரு, அது கேட்டுதாம். கத நல்லாத்தான் இருக்கு, ஆனா சரக்கால ஏற்கனவே எரிஞ்சு கெடக்கற வயித்துல இது இன்னும் புண் பண்ணும். என்னைக்கோ ஒரு நாள் குடிக்கறவரா இருந்தா, ஏதாவது சாப்ட்டுட்டு ஒரு வேளை பாராசிட்டமால் அளவோட போடலாம். தெனமும் குடிக்கிறவருக்கு அதுவும் டாக்டர் சொல்ற அளவுலதான்.

கேள்வி: கொசு சீசன், வீட்ல எல்லாருக்கும் ஜுரம். டைக்ளோஃபெனாக் போட்டா சட்டுன்னு எறங்குதே?

பதில்: எறங்கும், ஆனா டெங்குவா இருந்தா ரத்தக் கசிவுல கொண்டு விடும். என்ன ஜுரம்னு தெரியற வரைக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் வேணாம், பாராசிட்டமால் மட்டும், தண்ணி நெறைய. ஏற்கனவே ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் போடறவங்க தானா நிறுத்தாம உடனே கேளுங்க.

கேள்வி: தண்ணில போட்டா பொங்கற மாத்திரை நல்லதா?

பதில்: வேகமா வேல செய்யும். ஆனா பொங்கறதுக்காகப் போடற உப்பு இருக்கே, சில பிராண்டுல ஒரு மாத்திரைக்கே 400 மில்லிகிராம் பக்கம் சோடியம். ஒரு நாளைக்கு சோடியம் 2000-க்குள்ள இருக்கணும்ங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு, அஞ்சு மாத்திரைல அதுவே முடிஞ்சுடும். பி.பி., ஹார்ட் பிரச்சினை இருக்கறவங்க சாதா மாத்திரையே போடுங்க.

கேள்வி: டிராயர்ல பாதி அட்டை ஒண்ணு கெடக்கு, நாலு மாத்திரை இருக்கு. வெட்டுனதுல பேரு "...மால்"னு மட்டும் தெரியுது, தேதி இருந்த பக்கம் போயிடுச்சு. மால்னா பாராசிட்டமால்தானே?

பதில்: டிரமடால்னு ஒரு மருந்து இருக்கு, டிரமால்ங்கற பேருலயும் வரும், கடுமையான வலிக்கு டாக்டர் சீட்டுல குடுக்கறது, தலை சுத்தும், பழகவும் பழகிடும். ஒரு எழுத்த வச்சு ஊகிச்சுப் போடாதீங்க, அத மருந்துக் கடையில குடுத்து அழிக்கச் சொல்லுங்க. அடுத்த தடவ வாங்கும்போது பேரும் தேதியும் இருக்கற பக்கமா வெட்டிக் குடுங்கன்னு கேளுங்க, இல்லன்னா வெட்டறதுக்கு முன்னாடி அட்டையோட பின்பக்கத்த ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. நான் கவுன்டர்ல அப்படி எடுக்கறவங்களப் பாத்தா கொஞ்ச நேரம் அட்டைய அசைக்காமப் பிடிச்சுப்பேன்.